கோரிக்கை எண் 43-ஐப் படிப்பது எப்படி? தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்கான பணம் பேரவையில் ஒதுக்கப்படும் வழி

2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ரூ.46,767 கோடி, உயர்கல்வித் துறைக்கு ரூ.8,494 கோடி என்று நிதியமைச்சர் வாசித்தார். மறுநாள் நாளிதழ்களில் அந்த இரண்டு எண்களும் கொட்டை எழுத்தில் வந்தன. வாசித்த அன்று அதில் ஒரு ரூபாய்க்கும் பேரவை ஒப்புதல் தந்திருக்கவில்லை. அந்தத் தொகை துறைவாரியாகப் பிரிந்து, துறைக்கு இவ்வளவு வேண்டும் என்று பேரவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கையாகி, வாக்கெடுப்பில் தேறி, சட்டமாகி, அரசாணையாகி, கருவூலம் வழியே பள்ளிக்கு வந்து சேர ஒரு வருடம் பிடிக்கும். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது தெரிய இன்னொரு வருடம் ஆகும்.

இந்தப் பாதையைப் புதிதாகப் பின்தொடர வருகிறவர்களுக்கானது இக்கட்டுரை: ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், செய்தியாளர்கள், மாணவர்கள். தொடங்கும்போதே ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பேரவை ஒப்புதல் தருவது ஓர் உச்சவரம்புக்கு. இதற்கு மேல் செலவு செய்யக்கூடாது என்பதே அதன் பொருள். இவ்வளவையும் செலவு செய்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. பட்ஜெட்டைப் பற்றிய குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

எந்த ஆவணத்தை எடுப்பது

நிதிநிலை அறிக்கை உரையை ஒருமுறை படித்துவிட்டு ஓரமாக வையுங்கள். அது அரசியல் ஆவணம். உங்களுக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, மானியக் கோரிக்கைப் புத்தகம். துறைக்கு ஒரு புத்தகம் என்று நிதித்துறையின் இணையதளத்தில் இருக்கும். பள்ளிக் கல்விக்குக் கோரிக்கை எண் 43, உயர்கல்விக்கு எண் 20. இரண்டாவது, துறை அமைச்சர் கோரிக்கையை முன்வைக்கும் நாளில் பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு. திட்டத்தின் பெயர், பயனாளிகள் எண்ணிக்கை, சென்ற ஆண்டு நடந்தது எல்லாம் அதில் வாசிக்கத்தக்க தமிழில் இருக்கும். எண்களைப் பொறுத்தவரை கோரிக்கைப் புத்தகம் சொல்வதே கடைசி வார்த்தை. மூன்றாவது, இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் நிதி ஒதுக்கக் கணக்குகள். அதைப் பற்றிப் பின்னால்.

கோரிக்கைப் புத்தகத்தைத் திறந்ததும் பலர் தடுமாறுவது எண்களின் அளவில். தொகைகள் ஆயிரம் ரூபாயில் அச்சிடப்பட்டிருக்கும். 18,40,00 என்று இருந்தால் அது பதினெட்டு லட்சம் இல்லை. கடைசி இரண்டு இலக்கங்கள் ஆயிரம், அதற்கு முந்தைய இரண்டு லட்சம், மீதமெல்லாம் கோடி. ஆகவே அது 18 கோடியே 40 லட்சம். ஏதாவது பெரிய முடிவுக்கு வருவதற்கு முன்னால், துறையின் மொத்தத் தொகையை இப்படி மாற்றிப் பார்த்து உரையில் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று சரிபாருங்கள். வராவிட்டால் எங்கோ இரண்டு பூஜ்ஜியம் தொலைந்திருக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்திகள் இருக்கும். 2025-26 புத்தகத்தில் அவை 2023-24 கணக்கு, 2024-25 வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, 2024-25 திருத்திய மதிப்பீடு, 2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. செய்திகளில் வருவது நான்காவது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது முதல் பத்தி. அது ஒன்றுதான் நடந்து முடிந்த செலவு.

எப்படிப் படிப்பது என்பதற்குக் கற்பனையாக ஒரு வரி. ஒரு பயிற்சித் திட்டத்துக்கு நான்கு பத்திகளில் வரிசையாக 18,40,00, 60,00,00, 21,50,00, 65,00,00 என்று இருக்கிறது. அதாவது முந்தைய ஆண்டில் 18.40 கோடி செலவானது. அடுத்த ஆண்டுக்கு 60 கோடி என்று பேரவையில் வாக்கு வாங்கினார்கள். ஆண்டின் பாதியில் திருத்தி 21.50 கோடியாகக் குறைத்தார்கள். இப்போது திரும்பவும் 65 கோடி கேட்கிறார்கள். செய்தியில் இது “60 கோடியிலிருந்து 65 கோடியாக உயர்வு” என்று வரும். கேட்க வேண்டிய கேள்வி, சென்ற ஆண்டு 38.50 கோடி ஏன் செலவாகவில்லை என்பது.

துறை மொத்தத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024-25-ல் ரூ.44,042 கோடி, 2025-26-ல் ரூ.46,767 கோடி. ரூ.2,725 கோடி, ஏறத்தாழ 6.2 விழுக்காடு கூடுதல். இது மதிப்பீட்டோடு மதிப்பீட்டை ஒப்பிட்டது. திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் விழுக்காடு மாறும், கணக்கோடு ஒப்பிட்டால் இன்னும் மாறும். எதை எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதை எழுதாமல் விழுக்காட்டை மட்டும் எழுதாதீர்கள்.

கணக்குத் தலைப்பு என்னும் முகவரி

அரசுப் பணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. நான்கு இலக்கத்தில் முதன்மைத் தலைப்பு, இரண்டு இலக்கத்தில் துணை முதன்மைத் தலைப்பு, மூன்று இலக்கத்தில் சிறு தலைப்பு, பிறகு இரண்டு எழுத்துகளில் திட்டத்தின் குறி, கடைசியில் செலவின் வகை. முதல் மூன்று அடுக்குகளும் இந்தியா முழுவதற்கும் ஒன்றே. ஆகவே இதை ஒருமுறை கற்றுக்கொண்டால் எந்த மாநிலத்தின் புத்தகத்தையும் படிக்கலாம்.

2202 என்றால் பொதுக் கல்வி. 2203 தொழில்நுட்பக் கல்வி, 2204 விளையாட்டும் இளைஞர் நலனும், 2205 கலை பண்பாடு. 2-ல் தொடங்குபவை வருவாய்ச் செலவு: சம்பளம், உதவி மானியம், பாடநூல், பராமரிப்பு. 4202 என்றால் இந்தத் துறைகளின் மூலதனச் செலவு, பெரும்பாலும் கட்டடங்கள். 6202 கடன்.

2202-க்குள் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி, 03 பல்கலைக்கழகமும் உயர்கல்வியும், 04 வயது வந்தோர் கல்வி, 05 மொழி வளர்ச்சி, 80 பொது. அதற்கும் கீழே, 2202-01-101 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 2202-01-102 அரசு சாராத தொடக்கப் பள்ளிகளுக்கான உதவி, 2202-02-109 அரசு இடைநிலைப் பள்ளிகள், 2202-02-110 அரசு சாராத இடைநிலைப் பள்ளிகளுக்கான உதவி. செலவு வகையில் 301 சம்பளம், 309 உதவி மானியம். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் ஊதியம் பெரும்பாலும் உதவி மானியமாகவே வரும். 301-ஐ மட்டும் கூட்டி “ஆசிரியர் சம்பளம் இவ்வளவு” என்று எழுதினால் உதவிபெறும் பள்ளிகள் அப்படியே விடுபட்டுப்போகும்.

புதியவர்கள் தவறவிடும் சிறு தலைப்புகள் இரண்டு: 789-ம் 796-ம். பட்டியல் இனத்தவருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 789, பழங்குடியினருக்கான துணைத் திட்டம் 796. ஒரே திட்டத்தின் பணம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும். ஒரு பகுதி அதன் இயல்பான சிறு தலைப்பில், ஒரு பகுதி 789-ல், ஒரு பகுதி 796-ல். மூன்றையும் கூட்டினால்தான் திட்டத்தின் முழுத் தொகை. ஒன்றை மட்டும் பார்த்து “நிதி குறைந்துவிட்டது” என்று அறிக்கை விட்டவர்கள் உண்டு. துறை ஒரு வரியில் மறுத்துவிடும். அதோடு கேட்டவரின் மற்ற கேள்விகளுக்கும் மதிப்பு போய்விடும்.

பேரவைக்கு வருமுன்

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான வேலை அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடும். எத்தனை பணியிடம், எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அவர்களின் ஊதியம் எவ்வளவு என்ற விவரம் கீழ்நிலை அலுவலகங்களிலிருந்து இயக்ககங்களுக்கும், அங்கிருந்து தலைமைச் செயலகத்தில் துறைக்கும், பிறகு நிதித்துறைக்கும் போகும். நிதித்துறை கேள்வி கேட்டு வெட்டும், ஒட்டும்.

பள்ளிக் கல்வியில் பெரும்பகுதி சம்பளமாகவே போவதால், இந்தக் கட்டத்தில் காலிப் பணியிடங்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். கணக்குக்காக ஆசிரியர் ஒருவரின் மாதச் செலவை 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிரப்பப்படாத 1,000 இடங்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்டால் ஆண்டுக்கு 96 கோடி. அந்த இடங்கள் நிரப்பப்படாவிட்டால் அந்த 96 கோடியும் மார்ச்சில் மிச்சம். துறைக்கு ஒதுக்கீடு அதிகம் என்று பெயர் வரும், வகுப்பில் ஆசிரியர் இருக்கமாட்டார். மாறாக அகவிலைப்படி உயர்வைக் குறைவாக மதிப்பிட்டிருந்தால் ஆண்டின் கடைசியில் பணம் போதாமல், பேரவையிடம் கூடுதலாகக் கேட்கும் துணை மதிப்பீட்டுக்குப் போக வேண்டிவரும்.

உங்கள் கோரிக்கை ஏதாவது பட்ஜெட்டில் ஏற வேண்டும் என்றால் மனு கொடுக்க வேண்டிய காலம் இதுதான், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. பிப்ரவரியில் கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்.

பேரவையில் நடப்பவை

அரசியலமைப்பின் 202-வது பிரிவு முதல் 207-வது பிரிவு வரை மாநிலத்தின் நிதி நடைமுறையைச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-ல் நீக்கப்பட்டதால் எல்லாமே ஒரே அவையில் முடிந்துவிடுகிறது.

நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்ட பிறகு சில நாட்கள் பொது விவாதம். இதில் வாக்கெடுப்பு கிடையாது. உறுப்பினர் எதை வேண்டுமானாலும் பேசலாம், நிதியமைச்சர் பதிலுரை தருவார், அதோடு முடிந்தது.

மார்ச் 31-க்குள் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளையும் விவாதித்து முடிக்க முடிவதில்லை. ஏப்ரல் மாதச் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது? இதற்குத்தான் 206-வது பிரிவின் கீழ் முன்பண மானியம். முழு ஆண்டுத் தொகையில் சில மாதங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் பேரவை முன்கூட்டியே அளித்துவிடும். 2024-ல் பிப்ரவரி 19 அன்று நிதிநிலை அறிக்கை வந்தது. மக்களவைத் தேர்தல் குறுக்கிட்டதால் துறைவாரி விவாதம் ஜூனில்தான் நடந்தது. 2021-ல் பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கை, சட்டமன்றத் தேர்தல், ஆட்சி மாற்றம், பிறகு ஆகஸ்ட் 13-ல் திருத்திய நிதிநிலை அறிக்கை. இப்படிப்பட்ட இடைவெளிகளில் நடப்பில் உள்ள செலவுகள் தடையின்றி ஓடும். புதிய திட்டம் காத்திருக்கும். “பட்ஜெட்டில் அறிவித்து மூன்று மாதமாகியும் தொடங்கவில்லையே” என்று குறைசொல்வதற்கு முன், அந்தத் துறையின் கோரிக்கை நிறைவேறிவிட்டதா என்று பாருங்கள்.

அடுத்து மானியக் கோரிக்கை நாள். ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள்கூட எடுத்துக்கொள்ளப்படும். நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழு ஒன்று கோரிக்கைகளை முன்கூட்டியே உட்கார்ந்து பரிசீலித்து அறிக்கை தருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் படி இல்லாமல் கோரிக்கை நேரே அவைக்கு வருகிறது. நாற்பதாயிரம் கோடிக்கு மேற்பட்ட ஒரு கோரிக்கையை ஒரு நாளில், அதுவும் வாழ்த்துரைகளுக்கு நடுவே, ஆராய்வது நடக்கிற காரியம் இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுவே என்பது எங்கள் கணிப்பு.

203-வது பிரிவின்படி பேரவை ஒரு கோரிக்கைக்கு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல், அதாவது அமைச்சரவை விரும்பாமல், எந்தக் கோரிக்கையும் வர முடியாது. ஆகவே “என் தொகுதிப் பள்ளிகளுக்கு இன்னும் பத்துக் கோடி சேர்க்க வேண்டும்” என்று எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டுவர இயலாது. அவர் கையில் இருப்பது வெட்டுத் தீர்மானம். கூடுதலாகக் கேட்பதற்கு, குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுக்க வேண்டும்! நூறு ரூபாய் குறைக்கச் சொல்லும் அடையாள வெட்டு, ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்கு. சிக்கன வெட்டு, குறிப்பிட்ட தொகையைக் குறைப்பதற்கு. கொள்கை வெட்டு, ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லித் துறையின் கொள்கையையே எதிர்ப்பதற்கு. பெரும்பான்மை அரசின் கையில் இருப்பதால் இவை தோற்கும் அல்லது திரும்பப் பெறப்படும். ஆனாலும் வெட்டுத் தீர்மானத்தின் வாசகம் பேரவைப் பதிவில் இருக்கும். உங்கள் தொகுதி உறுப்பினர் எதிர்க்கட்சியாக இருந்தால், பள்ளியின் பெயரோடும் கணக்குத் தலைப்போடும் அவருக்கு இரண்டு வரியில் எழுதிக்கொடுங்கள். பத்துப் பக்க மனுவை விட அதற்குப் பயன் அதிகம்.

சில செலவுகளுக்கு வாக்கெடுப்பே கிடையாது. கடனுக்கான வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய தொகை போன்றவை நேரடியாகத் தொகுநிதியின் மீது, அதாவது மாநில அரசின் வரவு சேரும் முதன்மை நிதியின் மீது, விழும். கல்விக் கோரிக்கையில் இந்தப் பகுதியில் சிறு தொகை ஏதாவது இருந்தால், பெரும்பாலும் துறை ஏதோ ஒரு வழக்கில் தோற்றிருக்கிறது என்று அர்த்தம்.

விவாதத்தின் முடிவில் அமைச்சர் பதிலுரையும் புதிய அறிவிப்புகளும். இங்கே கவனமாக இருங்கள். கோரிக்கைப் புத்தகம் அச்சானது அதற்கு முன்பு. அன்று வாசிக்கப்படும் பல அறிவிப்புகளுக்கு அதில் தனி வரி இருக்காது. அவற்றுக்கான பணம் துறையின் ஒதுக்கீட்டுக்குள்ளிருந்தே எடுக்கப்படலாம், துணை மதிப்பீட்டில் வரலாம், அடுத்த ஆண்டுக்கும் போகலாம். அறிவிப்பை எண்ணோடு குறித்துவைத்து, அதற்கு அரசாணை வந்ததா என்று பாருங்கள். அரசாணையில் எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த வரி இல்லாத அறிவிப்பு இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.

எல்லாக் கோரிக்கைகளும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய பிறகு, 204-வது பிரிவின் கீழ் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வருகிறது. தொகையையோ அது போகும் இடத்தையோ மாற்றும் திருத்தம் எதையும் இதில் கொடுக்க முடியாது. இது சட்டமானால்தான் தொகுநிதியிலிருந்து பணம் எடுக்க முடியும். இந்தச் சட்டத்தின் அட்டவணையைத் தேடி எடுத்துப் பாருங்கள். கோரிக்கை எண் 43-க்கு நேராக வருவாய்ப் பகுதிக்கும் மூலதனப் பகுதிக்கும் மொத்தத் தொகைகள் மட்டுமே இருக்கும். கழிவறைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அங்கே இல்லை. சட்டம் பூட்டுவது பெரிய பெட்டியை. பெட்டிக்குள் எதை எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் நிதித்துறையின் கையில்.

43-ல் இல்லாத கல்வி

மாணவருக்குப் போய்ச்சேரும் பணம் எல்லாம் கோரிக்கை எண் 43-ல் இருப்பதில்லை. மதிய உணவும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் சமூக நலத் துறையில். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையில். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில். மாணவர் பேருந்துச் சலுகை போக்குவரத்துத் துறையில். மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையில், வேளாண் பல்கலைக்கழகம் வேளாண்மைத் துறையில். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதியம் தனிக் கோரிக்கை.

கட்டடங்களில்தான் அதிகம் ஏமாறுவார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் வகுப்பறைகளை ஊரக வளர்ச்சித் துறை கட்டுகிறது, பணமும் அந்தத் துறையின் கோரிக்கையில். 4202-ஐ மட்டும் பார்த்துவிட்டு “தொடக்கப் பள்ளிக் கட்டடத்துக்கு ஒன்றுமே இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். மறுபக்கம், 43-க்குள் பொது நூலகத் துறையும் இருக்கிறது. அதன் மொத்தத்தைப் பள்ளி மாணவர் எண்ணிக்கையால் வகுத்து “ஒரு மாணவருக்கு இவ்வளவு” என்று போடும் கணக்கு இரண்டு பக்கமும் பிசகும்.

ஒன்றியப் பங்கு

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) செலவு 60:40 என்ற விகிதத்தில் பிரிகிறது, ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40. டெல்லியிலிருந்து வரும் 60-ஐயும் மாநிலப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வைத்தாக வேண்டும், ஏனென்றால் அது மாநிலத் தொகுநிதிக்கு வந்து, அங்கிருந்து வெளியே போகிறது. ஆகவே கோரிக்கையில் 100 என்று பார்ப்பதில் 60 இன்னும் வராத பணம். ஒதுக்கீடு இருக்கும், விடுவிப்பு இருக்காது. 2024-25-ல் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தம் தொடர்பான பிணக்கில் தமிழ்நாட்டுக்கான ரூ.2,152 கோடி நிறுத்திவைக்கப்பட்டது இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. இந்தத் தலைப்புகளில் மதிப்பீட்டைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாமல், வரவுப் பகுதியில் ஒன்றிய உதவி மானியத்தின் திருத்திய மதிப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வாக்களித்த பிறகு பணம் நகரும் விதம்

சட்டம் நிறைவேறியதும் துறைத் தலைவர்கள் ஒதுக்கீட்டைக் கீழே உள்ள பணம் பெற்று வழங்கும் அலுவலர்களுக்குப் பிரித்துக்கொடுப்பார்கள். செலவுப் பட்டியல் (பில்) கருவூலத்துக்குப் போகும். கருவூலம் பயன்படுத்தும் களஞ்சியம் மென்பொருளில் அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு ஏற்றப்படாமல் இருந்தால் பட்டியல் திரும்பிவரும். பேரவை பணம் கொடுத்துவிட்டதே என்று கருவூலத்தில் வாதாடிப் பயனில்லை.

ஆண்டின் நடுவே ஒரு தலைப்பில் மிச்சமாகும் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாம். இது மறு நிதி ஒதுக்கம். இதற்கு எல்லைகள் உண்டு. ஒரு கோரிக்கையிலிருந்து இன்னொரு கோரிக்கைக்கு மாற்ற முடியாது. வருவாய்ப் பகுதியிலிருந்து மூலதனத்துக்கோ, வாக்களித்த பகுதியிலிருந்து வாக்களிக்கப்படாத பகுதிக்கோ மாற்ற முடியாது. ஆண்டு முடிந்த பிறகும் முடியாது. உயர்கல்வியில் மிஞ்சும் பணம் பள்ளிக் கல்விக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

மதிப்பீட்டில் இல்லாத புதுப் பணி ஏதாவது தொடங்கினால், துறைக்குள் மிச்சப் பணம் இருந்தாலும் பேரவையின் ஒப்புதல் வேண்டும். அதற்கு 205-வது பிரிவின் கீழ் துணை மதிப்பீடுகள். அவசரமென்றால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்துவிட்டு, பிறகு துணை மதிப்பீட்டில் ஈடுசெய்வார்கள். துணை மதிப்பீட்டில் ஒரு திட்டத்துக்கு வெறும் ஆயிரம் ரூபாய் என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அது அடையாளத் தொகை. உண்மையான செலவைத் துறையின் மிச்சத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். வேண்டியது பேரவையின் ஒப்புதல் மட்டும். சொல்லப்போனால் துணை மதிப்பீடுகளில் இந்த ஆயிரம் ரூபாய் வரிகளே சுவையானவை. மார்ச்சில் யாரும் எதிர்பார்க்காத திட்டங்கள் அங்கே தலைகாட்டும்.

மார்ச் 31 மாலையோடு செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதனால் மார்ச்சில் அவசர அவசரமாகப் பொருள் வாங்குவது, பணத்தை ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் போட்டுச் செலவு என்று காட்டுவது ஆகியவை பழைய நோய்கள். கணக்கில் செலவு என்று இருந்தும் பள்ளியில் பொருள் இல்லை என்றால் இந்த இடத்தில் தோண்டுங்கள்.

தணிக்கையில் தெரிவது

நிதி ஒதுக்கக் கணக்குகள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மூல ஒதுக்கீடு, துணை ஒதுக்கீடு, உண்மைச் செலவு, மிச்சம் அல்லது மிகை ஆகியவற்றைக் காட்டும். இரண்டு வகை வரிகளைத் தேடுங்கள். துணை மதிப்பீட்டில் கூடுதலாகப் பணம் வாங்கிவிட்டு, மூல ஒதுக்கீட்டைக்கூடச் செலவு செய்யாதவை ஒன்று. மிச்சம் இருப்பது தெரிந்தும் உரிய காலத்தில் நிதித்துறையிடம் ஒப்படைக்காமல் விட்டவை இன்னொன்று. ஒப்படைத்திருந்தால் அந்தப் பணம் வேறு தலைப்புக்குப் போயிருக்கும். பேரவை அளித்த வரம்பை மீறிச் செலவு செய்திருந்தால் அதைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து, பிறகு பேரவை வாக்களித்து ஒழுங்குபடுத்த வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

எழுதிக் கேட்பது

புத்தகத்தில் விடை கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், 6(1) பிரிவின் கீழ் மனு, 30 நாளில் பதில். “எங்கள் மாவட்டப் பள்ளிகளுக்கு எவ்வளவு நிதி வந்தது?” என்று கேட்டால் பதில் அரைப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் வரும். இப்படிக் கேளுங்கள்:

“2024-25 நிதியாண்டில், கணக்குத் தலைப்பு 2202-02-109-இன் கீழ், சம்பளம் நீங்கலாக, தங்கள் அலுவலகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, பெறப்பட்ட தேதி, செலவிடப்பட்ட தொகை, ஒப்படைக்கப்பட்ட தொகை ஆகியவற்றைச் செலவு வகை வாரியாகவும், தொடர்புடைய அரசாணை எண் மற்றும் செயல்முறைக் கடித நகல்களுடனும் வழங்கவும்.”

தேதி கேட்பதை விட்டுவிடாதீர்கள். மார்ச் 28-ல் வந்த பணத்தைப் பள்ளி செலவு செய்யவில்லை என்றால் குற்றம் பள்ளியினுடையது இல்லை. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. முடிந்த ஆண்டைப் பற்றி ஏப்ரலில் மனுப் போடாதீர்கள். மார்ச் மாதக் கணக்குகள் அப்போது ஒத்திசைவு ஆகியிருக்காது, “விவரம் தொகுக்கப்பட்டு வருகிறது” என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஜூலைக்குப் பிறகு போட்டால் எண்ணும் நிலைத்திருக்கும், அடுத்த மதிப்பீட்டுக்கான மனுவில் அதைச் சேர்க்கவும் நேரம் இருக்கும்.